கொடிக்கார சுகிர்தபாயும் புதுப் பிதாவும்

உதியன்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொடிக்கார சுகிர்தபாய் வீடு எது என்று கேட்டால் எந்தக் கட்சிக்காரனும் கை நீட்டி வழி காட்டுவான். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கட்சிக்கும் கொடி தைப்பது அவள்தான். மூன்று முன்னணிக்காரர்களும் ஒருவன் நின்ற சாயாக் கடையில் இன்னொருவன் நிற்கமாட்டான். அவர்களுடைய கொடிகள் மட்டும் சுகிர்தபாயின் மெஷினுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும். ஓட்டு யாருக்கு என்று கேட்டால், "நூலு அறாம ஓடுதவனுக்கு" என்பாள்.

அவளுடைய ஐம்பத்தேழு வருடத்தைச் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகாது. பழைய மிஷன் சபைக் குடும்பம். அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பத்தாம் வகுப்பு, தையல் பரீட்சை, இருபத்துநாலில் கல்யாணம். மாப்பிள்ளை சத்தியராஜ் டெம்போ ஓட்டினார். ஒரே மகன், ஜித்தின். ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள், ஒரு தேர்தல் சமயம் அவசரமாக ஐம்பது கொடி கேட்டு வந்தவனிடம் முடியாது என்று சொல்லத் தெரியாமல் தைத்துக் கொடுத்தாள். அத்தோடு ஜாக்கெட் போயிற்று. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. ஜாக்கெட்டுக்காரிகள் கை இறுக்கம், கழுத்து இறக்கம் என்று நூறு குறை சொல்வார்கள். கொடி ஒன்றும் சொல்லாது.

நாலு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் சத்தியராஜின் வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. போன வருடம் கிட்னியும் கைவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் ஆறு மணிக்குப் புறப்பட்டால் மதியத்துக்குமேல் திரும்பலாம். போகும்போதாவது நாலு வார்த்தை பேசுவார். வரும்போது பிழிந்து போட்ட துணிபோல இருப்பார்.

இதில் பெரிய பாடு ஆஸ்பத்திரி இல்லை. வீட்டிலிருந்து ரோட்டுக்கு வருவதுதான். சுகிர்தபாயின் வீடு பின்னால், தம்பி சஜனின் வீடு முன்னால் ரோட்டோரம். அப்பா எழுதி வைத்த பத்திரத்தில் அக்காவுக்கு, தம்பி நிலத்தின் ஓரமாக 'நடைவழி' என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அப்பா இருந்த காலத்திலிருந்தே அந்த வழியில் ஆட்டோ வந்தது, சத்தியராஜின் டெம்போவும் வந்தது. யாரும் பத்திரத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

போன டிசம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. சஜன் நின்றான். பதினொரு ஓட்டில் தோற்றான். ஜித்தின் எதிர்க்கட்சிக்காக ஓடி நடந்தவன். அது அவன் இஷ்டம், இருபத்தாறு வயதுப் பையனை யார் என்ன சொல்வது? ஆனால் ஓட்டு எண்ணின அன்று அவன் செய்ததுதான் தப்பு. வெற்றி ஊர்வலத்தின் ஜீப்பை அந்த வழிக்குள் திருப்பி, மாமன் வீட்டு வாசலில் நிறுத்தி, பாட்டுப்பெட்டி அலற அரை மணி நேரம் செண்டை அடித்தான். அப்புறம் எல்லாரும் பின்னால் சுகிர்தபாய் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். வெயிலில் வாடி வந்த பிள்ளைகள் என்று அவள் எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் கலக்கிக் கொடுத்தாள். சஜன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வருவதற்கு முன்னாலேயே வழியின் நடுவில் இரண்டு கருங்கல் தூண் நட்டாயிற்று. இடைவெளி இரண்டடி. மனிதன் நடக்கலாம், பத்திரத்தில் உள்ளபடி. ஆட்டோ நுழையாது. சக்கர நாற்காலியும் நுழையாது. அன்றிலிருந்து வாரம் மூன்று நாள், பிளாஸ்டிக் நாற்காலியில் சத்தியராஜை உட்கார வைத்து, முன்னால் ஜித்தினும் பின்னால் சுகிர்தபாயும் தூக்கி, கல்லிடுக்கில் நாற்காலியைக் கொஞ்சம் சரித்து, நூற்றிருபது அடி தூரம் ரோட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ரதீஷ் ஆட்டோவோடு நிற்பான்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஜெயித்த மெம்பரை அனுப்பினாள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. போலீசுக்குப் போனாள். அவர்கள் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, நடக்க வழி இருக்கிறதே என்றார்கள். சபைப் போதகரான ஐயர் இரண்டு தடவை சஜன் வீட்டுக்குப் போய், இரண்டு தடவையும் ஜெபம் பண்ணிவிட்டு வந்தார். தம்பி வீட்டு நடையில் அவள் மட்டும் கால் வைக்கவில்லை. வைத்தால் அந்த நாரங்கா வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும். 

ஏப்ரலில் சட்டசபைத் தேர்தலும் வந்தது. மறுபடியும் கொடி, மறுபடியும் சண்டை. அந்தக் கொடிகளைத் தைக்கும்போதே அவளுக்குக் கை சலித்தது. சபையில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் எவன் பக்கத்தில் எவன் இருக்கிறான் என்று பார்த்துத்தான் இலை போட வேண்டியிருந்தது. எல்லாருக்கும் அலுப்பு. ஆனால் முதலில் விடுவது யார் என்பதில்தான் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜூலையில் ஜித்தினுக்கு மஸ்கட் விசா வந்தது. பயணம் ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை. வீட்டில் ஒரு பக்கம் சந்தோஷம்தான். ஆனால் வியாழக்கிழமை காலையில் நாற்காலியின் முன்பக்கத்தை யார் பிடிப்பது? இந்தக் கேள்வி சுகிர்தபாயின் தலையில் மெஷின் சத்தம்போல ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கூப்பிட்டால் யாரும் வருவார்கள். வாரம் மூன்று நாள், விடிந்தும் விடியாமலும், மழையிலும், எத்தனை வருடம் என்று சொல்ல முடியாத ஒரு காரியத்துக்கு யார் வருவார்கள்?

அந்த நேரத்தில்தான் புதுப் பிதாவு வந்தார். பிதாவு என்றால் கத்தோலிக்கர்களின் பிஷப். எங்கேயோ கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர், பட்டமேற்று மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, அதற்குள் அவரைப் பற்றி ஆயிரம் கதை. கள்ளிக்காட்டுப் பக்கம் கொடிக்கம்பத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு வீட்டுக்கும் அவர் காரை விட்டு இறங்கி நடந்தே போனாராம். இங்கே ஒரு சாயா, அங்கே ஒரு சாயா. சாயா குடித்த இரண்டு கிளாசையும் அவரே கழுவி வைத்தாராம். அடுத்த வாரம் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து கம்பத்தைப் பிடுங்கினார்களாம். எவ்வளவு நிஜம், எவ்வளவு சேர்த்தது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் சாயாக் கடையில் கோயிலுக்குப் போகிறவனும், சபைக்குப் போகிறவனும், எங்கும் போகாதவனும் அந்தக் கதையைச் சொல்லும்போது குரலில் ஒரு ஈரம் இருந்தது. அவ்வளவு காய்ந்து கிடந்தார்கள்.

அந்தப் பிதாவுக்கு இவர்கள் ஊர்க் கத்தோலிக்கப் பள்ளியில் வரவேற்பு. இங்கே சர்ச்சுக்குப் பள்ளி என்றுதான் பேர். பள்ளி மகளிர் சங்கத்து லேகா முந்நூறு கொடி வேண்டும் என்று வந்தாள்.

"சுகிர்தக்கா, மஞ்சளும் வெள்ளையும். பாதிக்குப் பாதி. சதுரமாட்டு வெட்டணும். நீங்க வேற சபைதான், இருந்தாலும்..."

"துணிக்கு எந்தெடி சபை? வச்சிட்டுப் போ."

லேகா போன பிறகு அவள் துணியை மடியில் போட்டு நீவினாள். புராட்டஸ்டண்டு வாத்தியார் மகள், கத்தோலிக்கப் பிதாவை நம்பி உட்கார்ந்திருப்பதை நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் வரவேற்புக் கமிட்டிக்குக் கன்வீனர் சஜன். முப்பதாம் வயதில் அஜிஷாவைக் கட்டுவதற்காக அந்தச் சபையில் சேர்ந்தவன், இப்போது பிறவிக் கத்தோலிக்கனைவிடப் பெரிய கத்தோலிக்கன். பிதாவு ஒரு வார்த்தை சொன்னால் அவனால் தட்ட முடியாது. அந்த ஒரு வார்த்தையைப் பிதாவின் காதில் போட வேண்டும். அவள் மலையாளத்தில் ஒரு வாக்கியம் தயார் செய்தாள். தைக்கும்போதெல்லாம் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

அந்த யோசனையில்தானோ என்னவோ, முந்நூறு கொடியையும் தப்பாகத் தைத்துவிட்டாள். இருபது வருடம் கட்சிக்கொடி தைத்த கை, மஞ்சளை மேலேயும் வெள்ளையைக் கீழேயும் வைத்துப் போட்டது. கத்தோலிக்கக் கொடியில் நிறம் மேலும் கீழுமாக வராது. மஞ்சள் கம்புப் பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், எட்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, சஜன் அவள் முற்றத்துக்கு வந்தான். தோளில் கொடிக்கட்டு. முகம் கடுகடுவென்று இருந்தது.

"இது என்ன புதுக் கட்சிக்க கொடியா? முதல் நற்கருணை எடுத்த கொச்சுப்பிள்ளைக்குத் தெரியும் மஞ்ச கம்புப் பக்கம் நிக்கணும்னு."

"எங்க சபையில கொடி ஏதுலே? ஒனக்கும் முப்பது வயசு வரைக்கும் தெரியாதுதானே" என்றாள் சுகிர்தபாய்.

 உள்ளே கட்டிலில் கிடந்த சத்தியராஜ் இருமினார். சஜன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஞாயிறாழ்ச்ச பிதாவு வாறாரு. நான் என்ன செய்யட்டு?"

"சதுரம்தானே. கம்பு நுழைக்குத மடிப்பப் பிரிச்சு, மஞ்சப் பக்கம் தச்சா சரியாவும். நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்கோ."

எட்டு மாதத்துக்கு அவர்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான். அவன் கட்டை இறக்கி வைத்துவிட்டுப் போனான். வழியைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஒரு மூச்சு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் தப்பாகத் தைத்த முந்நூறு கொடியை மடியில் வைத்துக்கொண்டு நியாயம் பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை.

லேகா இரண்டு பெண்களோடு வந்து மடிப்பைப் பிரித்துக் கொடுத்தாள். சுகிர்தபாய் அன்று ராத்திரி முழுக்க, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிற நேரம் வரை, குனிந்த தலை நிமிராமல் தைத்தாள்.

சனிக்கிழமை மதியம் சத்தியராஜைத் தூக்கிக்கொண்டு வரும்போது, கொடி எடுக்க வந்த சஜன் எதிரே வந்தான். ஆடி மாதக் கர்க்கடக மழை ஓய்ந்த வழி, சேறு. அவன் சட்டென்று மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் ஒதுங்கி நின்று போனை எடுத்துப் பார்த்தான். நாற்காலி அவன் முன்னால் போயிற்று. சத்தியராஜின் தலை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. போனில் ஒன்றும் இல்லை, திரை கறுத்துக் கிடந்தது. அதைச் சுகிர்தபாய் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானம் முழுக்க மஞ்சளும் வெள்ளையும் சரியாக நின்றது. முன்வரிசையில் மூன்று முன்னணியின் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒவ்வொரு நாற்காலி காலி விட்டு. பிதாவு நினைத்ததைவிடக் குள்ளமாக, களைத்துப்போனவராக இருந்தார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. யாரையும் கட்சி விடச் சொல்ல வரவில்லை என்றார். தேர்தல் ஒரு நாள் வேலை, மற்ற நாளெல்லாம் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் வேண்டும் என்றார். அவருடைய அம்மா செத்த அன்று சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவர் குடும்பத்தோடு பத்து வருடம் பேசாத ஒருவரும் இருந்தார் என்றார். கூட்டம் கை தட்டியது. காலி நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்களும் தட்டினார்கள். பந்தலின் ஓரத்தில் நின்ற சுகிர்தபாயும் தட்டினாள். இவர் செய்வார், கட்டாயம் செய்வார் என்று தோன்றியது. அவ்வளவு நம்பிக்கை வந்து எத்தனையோ காலம் ஆயிற்று.

பிதாவு இறங்கி ஆட்களுக்கு நடுவே நடந்து வந்தார். லேகா அவளைக் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "பிதாவே, இந்தச் சேச்சியாக்கும் கொடி எல்லாம் தச்சது. சி.எஸ்.ஐ. சபை."

பிதாவு நின்றார். அவளுடைய ஊசி குத்திய விரல்களைப் பார்த்தார். "வீட்டில் எல்லாவர்க்கும் சுகமாணோ?" என்றார்.

இதுதான் நேரம். வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அவள் தலையை நிமிர்த்தினாள். பிதாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு சஜன் நின்றான்.  அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தது. அவனுக்குப் பின்னால், அவனைத் தோற்கடித்த மெம்பர் கழுத்தை நீட்டி, காதைத் தீட்டிக்கொண்டு, சிரிக்கத் தயாராக நின்றான். இந்தப் பதினொரு ஓட்டுக்காரன் முன்னால், இத்தனை சனத்துக்கு முன்னால், அவள் வாயைத் திறந்தால் போதும். சஜன் இந்த ஊரில் தலை நிமிர மாட்டான்.

"எல்லாவர்க்கும் சுகம், பிதாவே" என்றாள்.

பிதாவு ஒரு நொடி கூடுதலாக நின்றார். பிறகு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவுதான். எட்டு மாதம் காத்திருந்தது அப்படியே கைவிட்டுப் போயிற்று. வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவள் தன்னையே ஏசிக்கொண்டு வந்தாள்.

ஜித்தின் குதித்தான். "நீ சொல்லியிருக்கணும், அம்மா. அந்த ஆளுக்கு மானம் போனா நமக்கு என்ன?"

"ஒனக்கு மாமன். எனக்குத் தம்பியாக்கும். நீ அண்ணைக்கு செண்ட அடிச்சதுக்கு நான் இண்ணைக்கு பதிலுக்கு செண்ட அடிக்கணுமா?"

 புதன்கிழமை ஜித்தின் பெட்டியோடு கிளம்பும்போது, மாமனிடம் சொல்லிவிட்டுப் போ என்றாள். அவன் கல்லைத் தாண்டி, சஜன் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். யாரும் வெளியே வரவில்லை. போய்விட்டான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசந்திருந்தாள்.

வியாழக்கிழமை ஆட்டோக்காரன் ரதீஷ் வந்து தூக்குவதாகச் சொல்லியிருந்தான். ஆறு மணிக்கு அவனிடமிருந்து போன். பாறசாலை ரயில்வே கேட் அடைத்துக் கிடக்கிறதாம், வர இருபது நிமிடம் ஆகுமாம். அவன் வந்து, தூக்கி, ரோட்டுக்குக் கொண்டுபோவதற்குள் நேரம் தவறிவிடும். தவறினால் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சத்தியராஜ் நாற்காலியில் சட்டை மாட்டி, தலை சீவி உட்கார்ந்திருந்தார். அவள் பின்பக்கத்தைத் தனியாகத் தூக்கிப் பார்த்தாள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

"விடு. இண்ணைக்கு வேண்டாம்" என்றார் சத்தியராஜ்.

வேலியோரம் செருப்புச் சத்தம் கேட்டது. சஜன் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். அவளைப் பார்க்காமல் நேராக நாற்காலியின் முன்னால் வந்து நின்றான்.

"கல்ல எடுக்க மாட்டேன்" என்றான். "அத இப்பம் எடுத்தா நாலுபேரு கேப்பாவ, பிதாவு சொல்லி எடுத்தேன்னு சொல்லுவாவ. அது அங்ஙன நிக்கட்டு."

"ஒன்ன யாருலே கல்ல எடுக்கச் சொன்னா?"

"அத்தான நான் எடுக்கேன்."

அவன் குனிந்து நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தான். ஐம்பது வயது, இடுப்பு பிடித்தவன், ஒரு முனகலோடு தூக்கினான். சுகிர்தபாய் பின்னால் தூக்கினாள். யார் சொல்லி வந்தான், பிதாவு ஏதாவது கேட்டாரா, அஜிஷா ஏசினாளா, இல்லை அந்த ஒரு நொடியில் அவள் வாயை மூடிக்கொண்டதுதானா? அவள் கேட்கவில்லை. கேட்டால் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

கல்லிடுக்கு வந்தது. நாற்காலியைச் சரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நேராகக் கொண்டுபோனான். நாற்காலி இரண்டு தூணுக்கும் நடுவில் இறுகி நின்றது. அவன் இழுத்தான். கருங்கல் அவனுடைய விரல் முட்டியை உரித்தது. இரத்தம் வந்தது. அவன் தன்னுடைய கல்லையே, முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இது இவ்வளவு இடுக்கமா?" என்றான்.

நாற்காலியில் இருந்த சத்தியராஜ் தலையைத் தூக்கினார். "எட்டு மாசமா இவ்வளவு இடுக்கந்தாண்டே, சஜா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட உடம்பில் சத்து இல்லை.

 சுகிர்தபாய் நாற்காலியை இடது பக்கம் கொஞ்சம் சரிக்கச் சொன்னாள். சரித்தான். நாற்காலி வெளியே வந்தது. ரோட்டில் ரதீஷின் ஆட்டோ வந்து நின்றது. சஜன் அத்தானைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே உட்கார வைத்து, காலில்லாத பக்கத்துக்கு ஒரு துண்டை மடித்து அணை கொடுத்தான். விரலில் வடிந்த இரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"சனியாழ்ச்ச எத்தன மணிக்கு?" என்று ரோட்டைப் பார்த்துக் கேட்டான்.

"ஆறு மணிக்கு" என்றாள் அவள். ஆட்டோ நகர ஆரம்பித்த பிறகு தலையை வெளியே நீட்டிச் சொன்னாள், "அஞ்சே முக்காலுக்கு வா மக்கா. அந்த இடுக்குல நேரம் எடுக்கும்."